இயலாமல் ஆக்குதல்: குர்ஆனின் ஒப்பின்மை பற்றிய வாதங்களும் காவலூரில் ஒரு மாலையும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், ஜமுனாமரத்தூருக்கு முன்னதாகவே காவலூர் வந்துவிடும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் ஆறேழு பேர் கிளம்பினார்கள். ‘நீங்களும் வாங்க சார், நாலு விஷயம் சொல்லுவீங்க’ என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். கூடவே ஒரு ஹஜ்ரத்தும் வந்தார். வேலூர் மதரஸா ஒன்றில் ஓதியவர், அறுபதைத் தாண்டியவர், பேச்சில் கெட்டிக்காரர் என்றாலும் அன்று வழிநெடுக ஜன்னலோரம் வாய் திறக்காமல்தான் வந்தார்.

கொண்டைஊசி வளைவு ஒன்றில் வேன் திணறிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் சொன்னான்: ‘இவங்க கோடிக்கணக்குல செலவு பண்ணி இப்பத்தான் கண்டுபிடிக்கறாங்க சார். பிரபஞ்சம் விரியுதுன்னு நம்ம குர்ஆன்ல 1400 வருஷத்துக்கு முன்னாடியே இருக்கு. இதத்தான் முஃஜிஸாங்கறது. இதுமாதிரி ஒரு புத்தகம் கொண்டாந்துருங்க பார்ப்போம்னு சவால் விட்டதே இதுக்குத்தான்.’ மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனா என்று நினைவில்லை.

மேலே டீக்கடையில் நின்றபோதுதான் ஹஜ்ரத் வாய் திறந்தார். ‘தம்பி, நாங்க ஏழு வருஷம் ஓதினோம். அதுல இஃஜாஸுன்னா இது இல்ல.’ அப்ப எது என்று கேட்டேன். ‘அதச் சொல்லணும்னா அரபிக் கவிதையில இருந்து ஆரம்பிக்கணும். இந்தப் பிள்ளைங்களுக்கு எங்க அதுக்கு நேரம்?’ என்று டீயை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து பிறந்தது. குர்ஆன் அற்புதமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கம் அல்ல. அதற்கான தகுதியும் ஆசையும் எனக்கில்லை. ‘இது அற்புதம்’ என்கிற ஒரு கூற்று வரலாற்றில் எங்கே நின்றது, எப்போது இடம் பெயர்ந்தது, ஏன் பெயர்ந்தது, அந்தப் பெயர்ச்சியில் தமிழ் முஸ்லிம்களாகிய எங்களுக்கு என்ன கைநழுவிப் போனது என்பதைப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சொல். ‘இஃஜாஸ்’ என்றால் அற்புதம் என்று பொருளல்ல. எதிராளியை இயலாதவன் ஆக்குதல், செயலற்றுப் போகச் செய்தல் என்பதே நேர்ப்பொருள். இந்தச் சொல் இந்தப் பொருளில் குர்ஆனுக்குள் இல்லை. அங்கே இருப்பது சவால்தான். இது மனிதன் இட்டுக்கட்டியது என்று சொல்கிறவர்கள் இதுபோல் ஒரு பேச்சை, பத்து அத்தியாயங்களை, குறைந்தபட்சம் ஒன்றையாவது கொண்டுவரட்டும் என்ற அழைப்பு 2, 10, 11, 17, 52ஆம் அத்தியாயங்களில் வெவ்வேறு அளவில் வருகிறது. நபியைக் கவிஞர் என்றும் குறிசொல்லி என்றும் சூனியக்காரர் என்றும் மக்காவாசிகள் ஏசியதையும் அதே பிரதி தன்னுள் பதிந்து வைத்திருக்கிறது. தன்மீதான குற்றச்சாட்டுகளைத் தானே சுமந்து வரும் பிரதி என்ற வகையில் இது கவனிக்கத்தக்கது. சவாலைக் கோட்பாடாக மாற்றியவர்கள் பின்னால் வந்த இறையியலாளர்கள். ‘இஃஜாஸ்’ என்ற கலைச்சொல் புழக்கத்துக்கு வந்ததே கி.பி. 9ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான்.

இங்கே நம்மூரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். நமக்கும் தெய்வீகப் பிரதிகள் உண்டு, அவற்றுக்கான சோதனைகளும் உண்டு. மதுரையில் சம்பந்தரின் ஏடு தீயில் வேகாமல் கிடந்தது, வைகையை எதிர்த்து ஏறியது. குறளுக்குச் சங்கப்பலகை இடம்கொடுத்தது. இந்தக் கதைகளில் தீர்ப்புச் சொல்வது நெருப்பு, ஆறு, பலகை. அங்கே பாட்டைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை நடுவருக்கு இல்லை, ஏடு மிதந்தால் போதும். மீமாம்சகர்கள் இன்னொரு வழி போனார்கள்: வேதத்துக்கு ஆசிரியனே இல்லை, ஆகவே ஒப்பிட ஆளும் இல்லை. அரபு வாதம் இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது நடுவர் நாற்காலியில் எதிராளியையே உட்கார வைத்தது. சவாலை ஏற்க வேண்டியவர்கள் பாலைவனத்தின் தேர்ந்த கவிஞர்கள், தோற்க வேண்டியவர்களும் அவர்களே. அப்படியானால் அவர்கள் எவ்வளவு பெரிய கவிஞர்கள் என்பது நிறுவப்பட்டாக வேண்டும். நோஞ்சானைத் தோற்கடித்து என்ன பெருமை? இறைவாக்கின் மேன்மையை நிறுவ, இஸ்லாத்துக்கு முந்தைய குடியும் காமமும் ஒட்டகமும் நிரம்பிய கவிதைகளைப் பாதுகாத்து, உரையெழுதி, பாடம் வைக்க வேண்டியதாயிற்று. பக்தி தன் தேவைக்காகவே இலக்கிய விமர்சனத்தை வளர்த்துவிட்ட விசித்திரம் இது.

விவாதம் ஒரே குரலில் நடக்கவில்லை. இன்று மேடைகளில் ‘எல்லா அறிஞர்களும் ஏகமனதாக’ என்று சொல்கிறார்களே, அது உண்மை இல்லை. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பஸ்ராவின் முஅதஸிலாச் சிந்தனையாளர் நஜ்ஜாமின் பெயரால் வழங்கும் கருத்து இது: குர்ஆனின் அற்புதம் அது சொல்லும் மறைவான செய்திகளில் இருக்கிறது, மொழிநடையைப் பொறுத்தவரை அரபிகளால் அதுபோல் செய்ய முடிந்திருக்கும், இறைவன் அவர்களைத் திருப்பிவிட்டான். இதற்கு ‘ஸர்ஃபா’, அதாவது திருப்பிவிடுதல் என்று பெயர். அவருடைய மாணவரான ஜாஹிழே இதை ஏற்காமல் குர்ஆனின் சொற்கோப்பைப் பற்றித் தனிநூல் எழுதினார். நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஸர்ஃபாவும் சாகவில்லை. பாக்தாதின் ஷியா அறிஞர் ஷரீஃப் முர்தளா (இறப்பு 1044) அதை ஆதரித்துத் தனிநூல் எழுதினார். அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064), இலக்கிய அழகின் பெயரால் கட்டப்பட்ட வாதத்தை நிராகரித்து, இறைவன் தடுத்தான் என்பதே அற்புதம் என்றார்.

ஸர்ஃபாவின் சிக்கல் எளிது. கைகால் நன்றாயிருக்கிற ஒருவனை நாற்காலியிலிருந்து எழ விடாமல் அழுத்திப் பிடித்தால், அதிசயம் நாற்காலியில் இல்லை, பிடித்த கையில்தான் இருக்கிறது. பிரதியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஆகவே பெரும்பாலோர் பிரதிக்குள்ளேயே தேடினார்கள். ருமானி (இறப்பு 996) அணிகளையும் ஓசையையும் வகைப்படுத்தினார். ஏழு காரணங்களை அடுக்கியபோது ஸர்ஃபாவையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார், விட மனசில்லை போலும். அவர் காலத்தவரான கத்தாபி, சொல், பொருள், இரண்டையும் கோக்கும் கோப்பு மூன்றும் ஒருங்கே அமைவதுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்றையும் குறிப்பிட்டார்: கேட்பவரின் நெஞ்சில் அது செய்யும் வேலை.

கத்தாபியின் இந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு என் நன்னிமா நினைவுக்கு வந்தார். அவருக்கு ஒரு அரபுச் சொல்லுக்கும் பொருள் தெரியாது. பீடி சுற்றிக்கொண்டே ஓதுவார், சில இடங்களில் கண்ணீர் வடியும். நான் இடதுசாரி வாசிப்புக்குள் வந்த புதிதில், ‘புரியாமலே அழறியே, இது என்ன பைத்தியக்காரத்தனம்?’ என்று கேட்டிருக்கிறேன். ‘உனக்குப் புரிஞ்சு நீ என்னத்தக் கண்டே?’ என்றார். அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

பாக்கில்லானிக்கு (இறப்பு 1013) வருவோம். அஷ்அரி மரபின் பெரிய ஆள், நீதிபதியும்கூட. இந்தத் தலைப்பில் அவர் எழுதிய நூல்தான் அதிகம் வாசிக்கப்பட்டது. அதில் அவர் செய்த காரியம் துணிச்சலானது: அரபுக் கவிதையின் சிகரமாகப் போற்றப்பட்ட இம்ருவுல் கைஸின் முஅல்லகாவை எடுத்து வரிவரியாகக் குற்றம் கண்டார். அதோடு விடாமல் புஹ்துரியின் கவிதை ஒன்றையும் அவ்வாறே பிரித்துப்போட்டார். சில இடங்களில் பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரைப் போல் அற்பமாகவும் இருக்கிறது. ஆனாலும் ஒரு நீண்ட கவிதையை இப்படித் தொடர்ச்சியாக வாசித்து மதிப்பிடும் முறைக்கு அவர் ஒரு முன்னோடி.

எனக்கு அவரிடம் முக்கியமாகப் படுவது வேறொரு இடம். அரபி அல்லாதவனுக்கு இந்த அற்புதம் எப்படித் தெரியவரும் என்ற கேள்வியை அவர் மறைக்கவில்லை. நேரடியாகத் தெரியாது என்கிறார். மொழியில் வல்ல அரபிகளே இயலாமற் போனார்கள் என்பதிலிருந்து ஊகித்துத்தான் அவன் அறிய முடியும். அரபியாகவே இருந்தாலும் மொழியில் தேர்ச்சியற்றவனுக்கும் இதே கதிதான். அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு இது அனுபவம் அல்ல, சாட்சியம். வல்லவர்கள் சொன்னார்கள், ஏற்றுக்கொள்கிறோம். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்குள் ஓர் அதிகாரப் படிநிலையும் ஒளிந்திருக்கிறது: உணர்கிறவர்கள் சிலர், அவர்களை நம்புகிறவர்கள் மற்ற எல்லாரும். பிறகு நடந்தவை பெரும்பாலும் இந்தப் பிளவிலிருந்துதான் நடந்தன.

(ஒரு இடைச்செருகல். கண்பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி, 11ஆம் நூற்றாண்டில், குர்ஆனுக்குப் போட்டியாக ஒரு நூல் எழுதினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அந்த நூலின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அது இறைவனைப் போற்றும் அறவுரை. அவர் படுக்கையில்தான் இறந்தார். சிரியாவில் அவருடைய சிலையின் தலையை வெட்டியது 2013இல். எந்த நூற்றாண்டு இருண்டது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.)

இந்த வரலாற்றின் உச்சம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி. காஸ்பியன் கடலோரம் ஜுர்ஜான் என்ற ஊர், பாரசீகர், 1078இலோ 1081இலோ இறந்தார், ஊரைவிட்டு அதிகம் வெளியே போனதில்லை என்பார்கள். அரபு மொழியின் அழகை எல்லாரையும்விடக் கூர்மையாக விளக்கியவர் அரபி அல்ல என்பதை ஒருமுறை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்ற தன் நூலின் தொடக்கத்திலேயே அவர் சண்டைக்கு நிற்பது கவிதையைப் பாவம் என்று ஒதுக்கும் பக்திமான்களோடு. கவிதையையும் இலக்கணத்தையும் வெறுக்கிறவன், இறைவனின் சான்றை அறியும் வழியையே அடைக்கிறான் என்பது அவருடைய வாதம்.

அவருடைய கோட்பாட்டை ஒரே சொல்லில் ‘நழ்ம்’ என்பார்கள். முத்துக் கோப்பது, தொடுப்பது என்று நேர்ப்பொருள். தனிச் சொல்லுக்கு அழகு கிடையாது. ஓரிடத்தில் மயக்கும் சொல் இன்னோரிடத்தில் உறுத்தும். சொற்கள் தமக்குள் கொள்ளும் இலக்கண உறவில்தான் பொருளும் அழகும் பிறக்கின்றன. அவர் தரும் ஒரு சான்றைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 19ஆம் அத்தியாயத்தில் முதிய நபி ஜக்கரிய்யா தன் தலை நரையால் பற்றிக்கொண்டதாக முறையிடுகிறார். எல்லாரும் இதில் உருவகத்தைத்தான் பாராட்டினார்கள்: நரையை நெருப்பாக்கியது. ஜுர்ஜானி, அது மட்டும் இல்லை, வாக்கியத்தைப் பாருங்கள் என்கிறார். பற்றுவது நரை, ஆனால் எழுவாயாக நிற்பதோ தலை. ‘வீட்டில் தீப்பிடித்தது’ என்றால் ஒரு மூலையில் பிடித்திருக்கலாம். ‘வீடு தீயாகப் பற்றி எரிந்தது’ என்றால் மிச்சமில்லை. எழுவாயை மாற்றிய அந்த ஒரு காரியம்தான் தலை முழுவதையும் நரையாக்குகிறது. உருவகத்தை வைத்துக்கொண்டு வாக்கிய அமைப்பைக் கலைத்துப் பாருங்கள், அழகு போய்விடும்.

கவனித்தீர்களா? இந்த விளக்கத்தைப் பின்தொடர அரபு தெரிந்திருக்கத் தேவையில்லை. வசனம் தமிழுக்கு வராமல் போகலாம், வாதம் வந்துவிட்டது. சசூரையும் அமைப்பியலையும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக இறக்கி, உறவுகளில்தான் அர்த்தம் என்று நாமெல்லாம் 80களிலும் 90களிலும் சிலிர்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வேலூரில் அதற்கு உறவான ஒரு சிந்தனை பாடத்திட்டத்துக்குள் கிடந்தது. நமக்குத் தெரியவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஜுர்ஜானி வேலூருக்கு வந்துசேர்ந்த பாதையைப் பார்த்தால் விளங்கும். அவருடைய பாய்ச்சலான, முன்பின் சொல்லும் எழுத்தை ஸக்காக்கி (இறப்பு 1229) விதிகளாக ஒழுங்குபடுத்தினார். அதைக் கஸ்வீனி (இறப்பு 1338) சுருக்கினார். அந்தச் சுருக்கத்துக்கு தஃப்தாஸானி (இறப்பு 1390) உரை எழுதினார், பிறகு தன் உரையையே சுருக்கி ‘முக்தஸருல் மஆனி’ ஆக்கினார். லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தில் அந்த முக்தஸர் இடம்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவியபோது அந்தத் திட்டமும் வந்தது. கவிதையை வாசித்துக் கண்டடைந்த ஒன்று, கவிதை உதிர்ந்து, வரையறையாகவும் வரையறைக்கு உரையாகவும் உரைக்குக் குறிப்பாகவும் வந்து சேர்ந்தது. காவலூர் டீக்கடையில் ஹஜ்ரத்தே ஒத்துக்கொண்டார்: ‘முக்தஸர் ஓதினோம். மனப்பாடமா ஓதினோம். ஜுர்ஜானியோட சொந்தக் கிதாபை நான் கண்ணால பார்த்தது வெளிய வந்து பத்து வருஷம் கழிச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கல தம்பி. இதையா நமக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு.’

வாதம் இப்படி வற்றியது. முடிவு மட்டும் கெட்டியாக நின்றது: குர்ஆன் ஒப்பற்றது, ஆகவே மொழிபெயர்க்க முடியாதது. இந்த ‘ஆகவே’யில்தான் அரசியல் இருக்கிறது. ஒப்பற்றது என்பதிலிருந்து, மொழிபெயர்ப்பு மூலத்துக்குச் சமமாகாது என்றுதான் வரும். மொழிபெயர்க்கக் கூடாது என்று வராது. ஹனஃபி மரபின் தலைவரான அபூஹனீஃபாவே தொழுகையில் பாரசீகத்தில் ஓதுவதை அனுமதித்தார் என்று அவருடைய மரபு நூல்களே சொல்கின்றன. மாணவர்கள் அதை அரபு இயலாதவர்களுக்கு மட்டும் என்று குறுக்கினார்கள். அவரும் பின்னால் மாற்றிக்கொண்டார் என்பார்கள். ஷாஃபி மரபு ஒருபோதும் ஏற்கவில்லை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள், எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் ஹனஃபிகள். ஆனால் தமிழில் தயங்குவதில் இரு தரப்பும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

முற்றிலும் மௌனம் என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் ஷா வலியுல்லா 18ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலும், அவருடைய மக்கள் உருதுவிலும் குர்ஆனைக் கொண்டுவந்தார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து ஆலிம்கள் 19ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் விளக்கங்கள் தந்தார்கள். அந்த எழுத்து ஒரு பாலம், ஒரு வேலியும்கூட: பொருள் தமிழில், ஆனால் எழுத்துத் தெரிந்தவருக்கு மட்டும். அந்த வேலியைத் தாண்டித் தமிழ் எழுத்திலேயே முழுக் குர்ஆனையும் கொண்டுவந்தவர் அப்துல் ஹமீது பாகவி. பெயரிலேயே இருக்கிறது, பாக்கியாத் பட்டதாரி. 1920களின் இறுதியில் முதல் பகுதி அச்சேறியது, முழுமை 1940களில். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு. 1930இல் ஹைதராபாத் நிஜாமின் ஆதரவோடு வெளிவந்த பிக்தாலின் ஆங்கிலப் பெயர்ப்பு, தலைப்பிலேயே இது குர்ஆன் அல்ல, அதன் பொருள்தான் என்று காப்பு எழுதிக்கொண்டது. அப்போது எகிப்தில் மொழிபெயர்க்கலாமா கூடாதா என்று பத்திரிகைகளில் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூழலில் பாகவி செய்த காரியத்தின் கனம் நமக்கு இன்று சரியாகத் தெரிவதில்லை. தமிழ் உரைநடை வரலாறு எழுதும் நம் பேராசிரியர்களில் எத்தனை பேர் அவரை ஒரு வரியாவது குறிப்பிடுகிறார்கள்?

இப்போது கேள்விக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு வந்தது, பீடி சுற்றும் வீட்டிலும் தோல் ஷாப்பிலும் வேலைபார்க்கிறவன் பொருளை வாசித்தான். பெண்கள் வாசித்தார்கள், பெரிய விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனால் வாசித்த கையோடு ஒரு முடிச்சும் விழுந்தது. இது மொழியின் அற்புதம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், கையிலிருக்கும் தமிழில் அந்த மொழியைத் தேடுகிறான். கிடைப்பது அடைப்புக்குறிகள் நிறைந்த, விளக்கச் சொற்கள் செருகிய, தயங்கித் தயங்கி நடக்கும் உரைநடை. தலை நரைத்துவிட்டது என்ற தகவல் வருகிறது. தலை பற்றி எரியவில்லை. அப்படியானால் அற்புதம் எங்கே? பாக்கில்லானியின் பதில், ஊகித்து அறிந்துகொள் என்பது, கேள்வி கேட்கப் பழகிய கல்லூரி மாணவனுக்குப் போதவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் விஞ்ஞானம் வந்து உட்கார்ந்தது. எகிப்தில் தன்தாவி ஜவ்ஹரி (1870-1940) உயிரியல் படங்களோடு விரிவுரை எழுதியபோதே தொடக்கம். பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் புகாயின் நூல் 1976இல் வந்து உலகெங்கும் பரவியது. 80களில் சவுதி ஆதரவில் இதற்கென அமைப்புகளே தோன்றின. தமிழில் கேசட்டுகள், மேடைகள், பிறகு குறுந்தகடுகள், இப்போது கைப்பேசி. விஞ்ஞான அற்புதத்தின் பெரிய வசதி, அது மொழிபெயர்க்கக் கூடியது. பெருவெடிப்பு எந்த மொழியிலும் பெருவெடிப்புதான். எண்ணும் அப்படியே. 1974இல் ரஷாத் கலீஃபா கணினியை வைத்து 19 என்ற எண்ணில் குர்ஆனின் ரகசியத்தைக் கண்டதாக அறிவித்தபோது இங்கேயும் பூரித்துப் போனார்கள். பிறகு அவர் தன்னையே இறைத்தூதர் என்றார். கணக்கு இடித்த இடத்தில் 9ஆம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பிற்சேர்க்கை என்று வெட்டினார். ஒப்பற்ற பிரதியை நிரூபிக்கப் பிரதியையே வெட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்த அந்த ஆள் 1990இல் அமெரிக்காவில் கொல்லப்பட்டார்.

வேனில் வந்த மாணவன் சொன்னது 51ஆம் அத்தியாயத்தின் 47ஆம் வசனம். அதில் வரும் ஒரு சொல்லைப் பழைய விரிவுரையாளர்கள் பெரும்பாலும் ‘ஆற்றலும் வசதியும் உடையோம்’ என்று கொண்டார்கள். ‘விரிவாக்குகிறோம்’ என்ற வாசிப்புக்கும் இலக்கணத்தில் இடமுண்டு. ஆனால் அது முன்னுக்கு வந்தது 1929இல் ஹப்பிள் விலகியோடும் விண்மீன் திரள்களை அளந்து சொன்ன பிறகு. தொலைநோக்கி முதலில், வாசிப்பு பிறகு. மக்காவின் கவிஞர்கள் வானியல் தெரியாமல் தோற்கவில்லை என்ற எளிய விஷயமும் இங்கே மறந்துபோகிறது. தங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையில் தோற்றார்கள் என்பதல்லவா பழைய வாதம்? 14ஆம் நூற்றாண்டிலேயே அந்தலூஸின் ஷாத்திபி, எழுதப்படிக்கத் தெரியாத முதல் கேட்பாளர்களுக்கு விளங்காத துறை அறிவுகளைக் குர்ஆனுக்குள் திணிக்காதீர்கள் என்று எச்சரித்தார். 1970களில் பின்துஷ் ஷாத்தி என்ற பெயரில் எழுதிய ஆயிஷா அப்துர் ரஹ்மான், பத்திரிகைகளில் இந்த விஞ்ஞான விரிவுரையாளர்களோடு நேருக்குநேர் மோதினார். அவர் நாத்திகர் அல்ல; குர்ஆனின் மொழி அற்புதத்தைப் பற்றியே நூல் எழுதிய பக்தர். ஒரு பெண் ஜுர்ஜானியின் பக்கம் நின்று பேசினார் என்பது இங்கே யாருக்கும் சொல்லப்படுவதில்லை.

இலக்கிய வாசிப்புப் பக்கம் போனவர்கள் சும்மா விடப்படவும் இல்லை. குர்ஆனின் கதைகளைக் கதைக்கலையாக ஆராய்ந்த கலஃபுல்லாவின் ஆய்வேட்டைக் கெய்ரோவில் 1947இல் நிராகரித்தார்கள். நஸ்ர் ஹாமித் அபூஸைத், குர்ஆனைப் பண்பாட்டுக்குள் உருவான மொழிப்பிரதியாக வாசிக்க ஜுர்ஜானியையும் முஅதஸிலாக்களையும்தான் துணைக்கு அழைத்தார். 1995இல் நீதிமன்றம் அவரை மதம் விட்டவர் என்று தீர்ப்பளித்து, மணமுறிவும் விதித்தது. கணவனும் மனைவியும் லெய்டனுக்குப் போனார்கள். 2010இல் இறந்தார். மரபுதான் தன்னை அபூஸைத் வரை கொண்டுவந்தது; அந்த மரபின் பெயரால்தான் அவரை வெளியே தள்ளவும் முடிந்தது.

விஞ்ஞான அற்புதம் முஸ்லிம்களின் தனிச்சொத்து என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே வேதகால விமானங்கள் பறந்தன. இரண்டுக்கும் அடியில் இருப்பது காலனியம் தந்த ஒரே வெட்கம்: நம்மிடமும் இருந்தது. ஆனால் அதிகாரத்தில் இருப்பவன் அதைச் சொல்வதும், 1992க்குப் பிறகு அன்றாடம் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் வாணியம்பாடிப் பையன் சொல்வதும் ஒன்றல்ல. அவன் கேட்பது மரியாதை. தவறான கடையில் கேட்கிறான் என்பதுதான் என் வருத்தம்.

அன்று மாலை வானாய்வகத்தில் எங்களுக்கு விளக்கியவர் 1977 மார்ச் 10 பற்றிச் சொன்னார். யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் நிகழ்வைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அளந்தபோது, எதிர்பாராத நேரத்தில் வெளிச்சம் ஒரு கணம் மங்கியது. புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது தெரிந்தது: துணைக்கோள் இல்லை, யுரேனஸைச் சுற்றி வளையங்கள். விஞ்ஞான அற்புதம் பேசிய அதே மாணவன் கேட்டான்: ‘அப்ப அவங்க எழுதினது தப்பா சார்?’ ‘மங்கினது சரி. என்னன்னு சொன்னது தப்பு. அப்புறம் மாத்திக்கிட்டாங்க’ என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். பையன் ஹஜ்ரத்தைப் பார்த்தான். ஹஜ்ரத் அவன் தோளில் கைபோட்டு, ‘இது மாறிக்கிட்டே இருக்கும்டா. இது மேல அல்லாஹ்வோட கலாமைத் தூக்கி வெக்கறியே, இது நகர்ந்தா அது என்னாகும்?’ என்றார். ஆலிமுக்கும் வானியலாளருக்கும் இடையில் அன்று எந்தத் தகராறும் இல்லை.

இறங்கும்போது வேனில் நானும் ஹஜ்ரத்தும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். தலாயிலுல் இஃஜாஸின் சில பக்கங்களையாவது தமிழில் கொண்டுவருவது. அரபு அவர் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு. இதுவரை ஐந்து பக்கம் முடிந்திருக்கிறது. ‘நழ்ம்’ என்ற சொல்லிலேயே மூன்று வாரம் நின்றோம். பூத் தொடுப்பது போலத்தானே, ‘தொடுப்பு’ என்று போடலாமா என்றேன். ‘எங்க தெருவுல தொடுப்புன்னா வேற அர்த்தம் தம்பி, ஜமாஅத்துல பஞ்சாயத்து ஆயிடும்’ என்றார். ‘தொடை’ இலக்கணச் சொல்தான், ஆனால் மாணவர்கள் சிரிப்பார்கள். ‘கோவை’ என்றால் பஸ் ஏறிவிடுவார்கள். தற்போதைக்குக் ‘கோப்பு’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.